நல்ல கையைக் கட்டியும் பலன் இல்லையே ஏன்? (பக்கவாதம், 4 மாதம்)

நல்ல கையைக் கட்டி வைப்பது மட்டும் சிகிச்சை ஆகாது. மூன்று வாரம் கட்டியும் அப்பாவின் வலது கை அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். பயிற்சி இல்லாததே காரணமாக இருக்கும். நல்ல கையைத் தடுத்து, பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி தரும் இந்த முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். அதில் கட்டு வெறும் துணைதான். இந்த முறையைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2006-இல் வெளியான எக்சைட் (EXCITE) ஆய்வில் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90% நல்ல கையில் கையுறை போட வைத்தார்கள். அதோடு வார நாட்களில் தினமும் 6 மணி நேரம் வரை பாதித்த கைக்குப் பயிற்சி.

முதலில் இதைப் பாருங்கள். அவரது வலது முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். மணிக்கட்டு, கட்டைவிரல், இன்னும் இரண்டு விரல்கள், ஒவ்வொன்றும் 10 டிகிரியாவது தானாக நிமிர வேண்டும். துளியும் நிமிரவில்லையென்றால் இந்த முறையே அவருக்குப் பொருந்தாது. கட்டை அவிழ்த்துவிட்டு, மின் தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையை இயக்குவது) பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

நிமிர்ந்தால்: வலது கையால் தட்டிலிருந்து புளியங்கொட்டைகளைக் கிண்ணத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 30 வினாடியில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பத்து முறை. எளிதானதும் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு வேறு வேலை.

துண்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கை வீங்கும். தளர்வான, தடித்த கையுறை போதும். நடக்கும்போதும் குளியலறையிலும் அதையும் கழற்றிவிடுங்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.