நட்டை இறுக்கினால் கழுத்து சரியாகிவிடுமா?

கேள்வி: தக்கலையில் இருக்கிறேன். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவரிடம் போன மாதம் 1940களின் பிஎஸ்ஏ எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ‘முன்பக்கம் முழுவதும் புதிதாகச் செய்தது’ என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு ஓட்டி வரும்போதே, பிரேக் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே ‘டக்’ என்று சத்தம். எங்கள் மெக்கானிக் அங்கே கழுத்தில் உள்ள நட்டை இறுக்கியதும் சத்தம் நின்றது. இப்போது மெதுவாகப் போனால் வண்டி நெளிகிறது. ஹேண்டில் நடுவில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. விற்றவரோ, ‘எண்பது வயது வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். கழுத்தில் குண்டுகள் ஓடும் கோன் செட்டை மாற்றுவதா, கூம்பு உருளைகள் உள்ள டேப்பர் பேரிங் போடுவதா? செலவை அவரிடம் கேட்கலாமா?

பதில்: வயதின் மேல் பழி போட வேண்டாம். அந்த வண்டி உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உழைத்த இனம். ஒழுங்காகக் கோன் செட் போட்டால் இன்றும் நேராக ஓடும்.

ஹேண்டிலும் முன்சக்கரமும் சேர்ந்து திரும்புவது கழுத்துக் குழாயில். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு கிண்ணம், அதற்கு ஒவ்வொரு கோன், நடுவில் கூண்டில்லாத உதிரிக் குண்டுகள். உள்ளே இருப்பது இவ்வளவுதான், இதுதான் கோன் செட். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. சாலைப் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. நாளடைவில் கிண்ணத்தில் குண்டு குண்டாகத் தடம் பதிந்துவிடும். உங்கள் ஹேண்டில் நடுவில் மாட்டுவது அந்தத் தடங்களில்தான். இறுக்கினால் ஆட்டம் மறையும், தடம் இன்னும் ஆழமாகும். மெதுவாகப் போகும்போது நம்மை அறியாமலே ஹேண்டிலை இம்மி இம்மியாகத் திருப்பித்தான் வண்டியை நிமிர்த்துகிறோம். கழுத்து இறுகினால் அது முடியாது. வண்டி நெளியத்தான் செய்யும்.

கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சரியாகும், கொஞ்ச நாளைக்கு.

ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. என்ஜினுக்கு அடியில் பலமான மரப்பெட்டி வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் ஸ்டியரிங் டாம்பரின் குமிழை முழுவதும் தளர்த்திவிடுங்கள். மெக்கானிக் இறுக்கிய நட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது இன்னொருவர் கழுத்து மூட்டில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அசைவு அங்கே தெரிந்தால் கோன் செட். உங்கள் வண்டி, இணைப்புத் தண்டுகளில் ஃபோர்க் ஏறி இறங்கும் பழைய கர்டர் ஃபோர்க் வகை என்றால் அதன் இணைப்புத் தண்டுகளும் புஷ்களும் தேய்ந்திருந்தாலும் இதே ‘டக்’ வரும். அதைப் பார்க்காமல் கோன் செட் வாங்கினால் பணமும் போகும், சத்தமும் போகாது.

வாங்குவது பற்றி. கடையில் போய் ‘பிஎஸ்ஏ கோன் செட்’ என்று கேட்டால் சைக்கிள் சாமானை எடுத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் பிஎஸ்ஏ என்றால் சைக்கிள்தானே! எம்20-க்குக் கர்டர் ஃபோர்க்கும் வந்தது, பிற்காலத்தில் குழாய்க்குள் குழாய் அமுங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கும் வந்தது. ஆகவே மாடல், ஆண்டு, ஃபோர்க் வகை மூன்றையும் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். இரண்டு கிண்ணம், இரண்டு கோன், எல்லாக் குண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதுக் குண்டு போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

குண்டின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் வண்டியில் எல்லாம் அங்குலக் கணக்கு. கால் அங்குலக் குண்டு 6.35 மி.மீ. கையில் கிடைத்த 6 மி.மீ. குண்டை அதோடு கலந்து போட்டுவிட்டால் பெரியவை மட்டும் சுமை தாங்கும், சின்னவை சும்மா உருளும். கழற்றிய குண்டுகளை வெர்னியரால் அளந்து, ஒரே பெட்டியிலிருந்து புதிதாக வாங்குங்கள். கால் அங்குலம் என்றால் நாகர்கோவில் வடசேரியில் ஒரு நல்ல சைக்கிள் கடையே போதும். சைக்கிளின் பின் ஹப்பில் ஓடுவதும் அந்த அளவுதான். கிண்ணத்தில் கிரீஸ் நிரப்பிக் குண்டுகளை வரிசையாகப் பதியுங்கள். கடைசியில் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மிஞ்ச வேண்டும். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணித்தால் ஒன்றோடொன்று உரசும்.

ஸ்பேனரும் முக்கியம். பழைய பிரிட்டிஷ் அளவு முறையான விட்வொர்த்தில், கால் அங்குல ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. நம் 13 ஏறாது, 14 வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். கழுத்துக் குழாயில் புதுக் கிண்ணம் லூசாக உட்கார்ந்தால், உள்ளே உளியால் புள்ளி குத்தி இறுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள், லேத் பட்டறையில் வெளிவிட்டம் சற்றுப் பெரிதாகக் கிண்ணம் கடைந்து வாங்கலாம்.

டேப்பர் பேரிங் நல்ல பொருள்தான். ஆனால் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை வரை போய்வருவதற்குக் குண்டே போதும் என்பேன்.

இனி பணம். விற்றவர் வியாபாரி, ‘புதிதாகச் செய்தது’ என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் கேட்கலாம். கழற்றும்போது படம் எடுங்கள், தடம் விழுந்த கிண்ணங்களைத் துடைக்காமல் பையில் போட்டு வையுங்கள். அவைதான் உங்கள் சாட்சி. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இதே வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

கேள்வி: குளச்சலில் ஒரு பழைய மேட்ச்லெஸ் மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறது. கழுத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: கடலோர வண்டி என்றால் கீழ்க் கிண்ணத்தில்தான் எனக்குச் சந்தேகம். தண்ணீரும் உப்பும் அங்கேதான் தங்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தள்ளுங்கள். கேபிள்கள் இழுக்காதிருந்தால் அது தானாக இரு பக்கமும் சாய்ந்து விழ வேண்டும். நடுவில் நின்றாலோ நறநறவென்றாலோ கோன் செட்டின் விலையையும் கூலியையும் கழித்துப் பேசுங்கள். ஓட்டிப் பார்க்க, காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் கூட்டிப் போனால் மறுத்துவிடுங்கள். அந்தக் காற்றில் புது வண்டியே ஆடும், பழுது எது, காற்று எது என்று பிரிக்க முடியாது.