வளர்ந்த பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஊரறிய நீளமாக எழுதுவது தேவைதானா?

கேள்வி கேட்டவரின் அம்மா, அவருடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு அவர் பிறந்த கதையிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் பேஸ்புக்கில் எழுதிவிட்டாராம். ஆபீசில் எல்லோரும் படித்துவிட்டார்களாம். இது பெற்றோரின் சுயவிளம்பரம்தானே என்று கேட்கிறார். ஏற்கனவே பதில் சொன்னவர்களில் பலர் ஆமாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் என் மகளுக்கு முப்பது முடிந்தபோது நானும் அப்படி ஒன்று எழுதினேன். அதனால் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

உங்கள் அம்மா ஏன் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக நீங்கள் வெளியூரில் வேலையில் இருப்பீர்கள், போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். நான் ஏன் எழுதினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 1995ல் பிறந்தாள். எங்களுக்குச் சத்தியமங்கலம். அவள் அப்பா பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதினார், நான் வீட்டில் தையல். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தப்பட்டை அடிக்கிற பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாரு, மேளத்துக்குத் திரும்புதுல்ல. உனக்குத்தான் கண்ணு வீண் பயம்" என்றார் என் மாமனார். அவர் எனக்குச் சொந்தத் தாய்மாமா. அந்த அதிர்வு குழந்தையின் நெஞ்சில் தெரியும், அதற்குத்தான் திரும்புகிறாள் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் நிறைய வீடுகளில் ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விடுகிறது. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறான், பட்டாசுக்கு அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதைப் படிப்பவர்கள் யார் வீட்டிலாவது அப்படிச் சந்தேகம் இருந்தால் பாட்டி தாத்தா சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். காது கேட்கிறதா என்று பார்க்கப் பெரா டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. குழந்தையைத் தூங்கவைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி எடுப்பார்கள். பிறந்த குழந்தைக்கே எடுக்கலாம்.

எங்களுக்கு அது தெரியும்போது அவளுக்கு இரண்டரை வயது. இரண்டு காதும் தொண்ணூறு டெசிபலுக்கு மேலே, அதாவது அதற்குக் குறைந்த சத்தம் எதுவும் கேட்காது. பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் சந்தேகம்தான் என்றார் டாக்டர். சொந்தத்தில் கட்டியதால் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். சொந்தத்தில் கட்டினால் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கட்டியது இரண்டு பேர். உறவுக்காரர்கள் பேசியது என் ஒருத்தியைத்தான். சரி, அதை விடுங்கள்.

மைசூர் மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது. 1965ல் ஆரம்பித்தது. மத்திய அரசு நடத்துவது. கொங்குப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் அங்கேதான் போகும். நானும் குழந்தையோடு போனேன். அங்கே பயிற்சி குழந்தைக்கு மட்டும் கிடையாது, அம்மாவுக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம், லீவுக்கு ஊருக்கு வருவோம். பண்ணாரி தாண்டி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு என்று போகும் பஸ். ஒவ்வொரு வளைவிலும் அவளுக்கு வாந்தி வரும்.

காது கேட்க உதவும் மிஷினில், காதுக்குப் பின்னால் மாட்டும் சின்னது அப்போது எங்களுக்கு எட்டாத விலை. நெஞ்சில் கட்டும் பெட்டி மிஷின்தான் கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, பென்சில் பேட்டரி போடவேண்டும். அதிலிருந்து இரண்டு ஒயர் காதுக்குப் போகும். அவள் சட்டை ஒவ்வொன்றிலும் அதற்கென்று நெஞ்சுக்கு நேராக ஒரு பை வைத்துத் தைத்தேன். துணி உரசினால் மிஷினில் அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்பதால் மைக் இருக்கும் இடத்தில் மட்டும் துணியை வட்டமாக வெட்டிவிடுவேன். காதுக்குள் வைக்கும் அச்சு இருக்கிறதே, அது பிள்ளை வளர வளர லூசாகும். லூசானால் கீ என்று விசில் அடிக்கும். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு மட்டும் அது கேட்காது. அச்சை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நான் தெரிந்துகொள்வது அந்த விசிலை வைத்துத்தான்.

இப்போது இதெல்லாம் மாறிவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். அன்று அது லட்சக்கணக்கில். நாங்கள் விசாரிக்கக்கூட இல்லை.

பேச்சு எப்படி வந்தது என்பதைத்தான் பிறந்தநாள் கடிதத்தில் நிறைய எழுதினேன். அம்மா, அப்பா இரண்டையும் ஒலி இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மிஷினில் கேட்கிற கொஞ்சநஞ்சத்தில் அவளுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. எங்கள் இருவரையும் ஒரே சத்தத்தில் கூப்பிட்டாள். அங்கே பயிற்சி கொடுத்த பெண் குழந்தையின் விரலை எடுத்து என் மூக்கின் பக்கவாட்டில் வைத்தார். 'அம்மா' என்றால் மூக்கு அதிரும். 'அப்பா' என்றால் அதிராது. பிறகு அதே விரலை அவள் மூக்கிலேயே வைத்துச் சொல்லச் சொன்னோம். மூக்கில் கை வைத்துக்கொண்டே அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள் பல மாதம். கையை எடுத்த பிறகும் அது நின்றது.

தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அவளுக்கு நாலு வயதில்தான் தெரிந்தது. மற்ற குழந்தைகள் தொட்டிலிலேயே தெரிந்துகொள்வது. நாங்கள் கதவில் அவள் போட்டோவை ஒட்டி, கீழே பெயரை எழுதி, தினமும் காட்டிக் காட்டிச் சொன்னோம்.

2000 ஜூலை 30ல் வீரப்பன் தாளவாடி பக்கம் தொட்ட காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். நாங்கள் அப்போது ஊரில் இருந்தோம். மைசூர் பஸ் நின்றுபோனது. ராஜ்குமார் வெளியே வர 108 நாள் ஆனது. அந்தச் சமயத்தில் அங்கே போக பயந்து வீட்டிலேயே நான் பாடம் நடத்தினேன். மாமாதான் அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப் போவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்று, மைசூர் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைக் காட்டி, "தாத்தா, பஸ் காணோம்" என்றிருக்கிறாள். அவள் சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு வீடுவரை ஓடி வந்தார். அவர் வயதுக்கு ஓடக்கூடாது.

ஏன் பஸ் வரவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வீரப்பன், கடத்தல், இரண்டு மாநிலம் என்று விளக்க அவளிடம் அப்போது வார்த்தை இல்லை. கடிதத்தில் படித்துவிட்டுத்தான், "அதுக்குத்தான் பஸ் வரலையா? நம்ம மேல கோபம்னு நினைச்சேன்" என்று வாட்ஸப்பில் அனுப்பினாள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். உங்களுக்கு உங்கள் சின்ன வயதுக் கதை எப்படித் தெரியும்? பாட்டி யாரிடமோ சொல்லும்போது காதில் விழுந்திருக்கும். கல்யாண வீட்டில் அத்தை சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். யாரும் உட்கார்ந்து உங்களுக்கு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். என் மகளுக்கு அப்படி எதுவுமே காதில் விழவில்லை. நேருக்கு நேர் நின்று, அவளுக்கென்று சொன்னது மட்டுமே அவளுக்குத் தெரியும். சோற்றுக்கு உட்கார்ந்து பத்துப் பேர் சேர்ந்து பேசும்போது அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். "என்ன சிரிக்கிறீங்க" என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்போம். அந்த 'அப்புறம்' எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடிதம்.

சரி, அவளுக்கு மட்டும் கொடுத்திருக்கலாமே, எதற்கு ஊருக்கெல்லாம் என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் உறவில் எல்லோரும் பிறந்தநாளுக்குப் போன் செய்வார்கள். அவளால் போனில் பேச முடியாது. அவள் தம்பிக்குக் காலையிலிருந்து போன் அடிக்கும், இவள் பிறந்தநாளுக்கு என் போனுக்கு வந்து "சொல்லிடு" என்பார்கள். பேஸ்புக்கில் போட்டதால் முதல்முறையாக அத்தனை பேரும் அவளுக்கு நேராக எழுதினார்கள். அவளோடு பள்ளியில் படித்தவர்கள், அவளுக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தவர்கள், எல்லோரும்.

அவளிடம் அனுமதி கேட்டாயா என்றும் கேட்பார்கள். கேட்டேன். போடுவதற்கு முன் முழுதும் படித்தாள். இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவை என்ன என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. பெயர், ஆபீஸ் எதுவும் போடாதே என்று இந்தப் பதிலுக்கும் சொல்லியிருக்கிறாள்.

சைகை மொழி ஏன் கற்றுத்தரவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த இடங்களில் சைகை பழகினால் பேச்சு வராது என்றே சொன்னார்கள். கல்லூரியில் அவள் தோழிகளிடம் சைகை கற்றுக்கொண்டாள். எனக்கும் கற்றுக்கொடுத்தாள். இப்போது வீட்டில் இரண்டும் நடக்கிறது. இதில் எது உசத்தி என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

பத்தாம் வகுப்பில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. அவள் ஆங்கிலத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டு தமிழை எழுதினாள். பி.காம். முடித்து, குரூப் 4 எழுதி, இப்போது அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். அந்தத் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது, அது அவளுக்குப் பெரிய உதவி. இடஒதுக்கீட்டில்தானே வந்தாள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு சதவீதம், அதில் காது கேளாதோருக்கு ஒரு சதவீதம். ஆமாம், அதில்தான் வந்தாள். அந்த ஒரு சதவீதத்துக்குள் எத்தனை பேர் போட்டி என்று அவர்கள் ஒருநாள் பார்க்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவளுடைய ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது. வங்கியின் உதவி எண்ணுக்கு நான் பேசினேன். கணக்கு வைத்திருப்பவர்தான் பேசவேண்டும் என்றார்கள். அவளுக்குக் காது கேட்காது என்றேன். "புரியுதுங்க மேடம், ஆனா அவங்க லைன்ல வந்து பிறந்த தேதி சொல்லணும்" என்றார் அந்தப் பையன். பிறந்த தேதியை எழுதி அனுப்பினால் ஆகாதாம். கடைசியில் லீவு போட்டு நேரில் போனாள். சட்டத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறியதை மைக்கில் மட்டும் சொன்னால் இவள் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? தியேட்டரில் தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே கீழே எழுத்துப் போட்டால் யாருக்கு என்ன குறை? சம்பளம் வாங்கி வரி கட்டுகிற பெண் இன்னும் ஒவ்வொன்றுக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா எழுதியதில் ஆபீசில் தெரியக்கூடாதது ஏதாவது இருந்தால் எந்த வரி என்று அவரிடமே சொல்லுங்கள். எடுத்துவிடுவார். மொத்தத்தையும் அழிக்கச் சொல்லும் முன்னால் தனியாக உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உங்களுக்கே தெரியாத ஏதாவது அதில் இருக்கும்.

என் மகள் படித்து முடித்து எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி: "தாத்தா பத்தி ரொம்பக் கம்மியா எழுதியிருக்க. அவர் ஓடி வந்த அன்னிக்கு வீட்டுல யார் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்க, எல்லாம் எழுது." மாமா இறந்து சில வருடம் ஆகிறது. அன்று வீட்டில் இருந்தவர்களில் என் சின்ன நாத்தனாருக்கு நல்ல ஞாபகம். போன வாரம் கோபியில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த பிறந்தநாளுக்கு அதுதான்.