படக்கதை என்று வாங்கிக் கொடுத்தேன்... பிடுங்கி வைக்கலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் படக்கதைதானே என்று மர்ஜானே சத்ராபியின் ‘பெர்செபோலிஸ்’ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் புரட்டிப் பார்த்தால் சிறை, சித்திரவதை, குண்டுவீச்சு! பாதி படித்துவிட்டாள். பிடுங்கி வைத்துவிடலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: வேண்டாம் சகோதரி. பாதியில் பிடுங்கினால் மீதியை அவளே கற்பனை செய்துகொள்வாள். அது புத்தகத்தில் இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2013-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளில் இதே ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்தார்கள். மாணவர்களே தெருவில் இறங்கி அதை எதிர்த்தார்கள்.

கதை தொடங்கும்போது 1980. ஈரானில் புரட்சி முடிந்திருக்கிறது, கதை நாயகி மர்ஜிக்கு, அதாவது சிறுமி சத்ராபிக்கு, வயது பத்து. சிறையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதையெல்லாம் கேட்கிறாள். ஒருவரைத் துண்டு துண்டாக வெட்டினார்கள் என்கிறார்கள். அவள் மனதில் அது எப்படி விழுகிறது? கழற்றிப் போட்ட பொம்மை மாதிரி, உள்ளே வெறுமையாக. குழந்தைக்கு அவ்வளவுதான் எட்டும். இஸ்திரிப் பெட்டியால் சுட்டார்கள் என்று கேட்டதும் தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கிறாள். பெரியவர்கள் பேச்சு குழந்தையின் காதில் விழுந்து என்னவாகிறது என்று இவ்வளவு நேர்மையாகக் காட்டிய புத்தகம் வேறு எதையும் நான் படித்ததில்லை.

இன்னொரு இடம். ஈராக்குடன் நடக்கும் போரில் பக்கத்து வீட்டில் ஏவுகணை விழுகிறது. இடிபாட்டில் தோழியின் கைவளையலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். கடைசிக் கட்டத்தில் படமே இல்லை, முழுக்கக் கறுப்பு. அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. உங்கள் மகள் அங்கே வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் நீங்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். தமிழிலும் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ என்று வந்திருக்கிறது. சிறைப் பக்கங்களைச் சேர்ந்து படியுங்கள். அவள் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால், அப்பாவின் சகோதரர் அனூஷுக்கு மரண தண்டனை நிறைவேறிய இரவில் மர்ஜி ஏன் கடவுளையே போகச் சொல்லிவிட்டாள் என்று நீங்கள் கேளுங்கள். நிச்சயம் பேசுவாள்.

பதினான்கு வயதில் அவளைத் தனியாக வியன்னாவுக்கு அனுப்புவதோடு முதல் பாகம் முடிகிறது. அங்கே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த பாகத்தில் போதைப்பொருள், காதல் முறிவு எல்லாம் வருகிறது. அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும்.