சாட்சி சொல்ல ஒன்றுமில்லையா?

கேள்வி: எனக்கு 41 வயது. காட்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். மாமியார் பக்கவாதம் வந்து 14 மாதமாகப் படுத்த படுக்கை. பேச்சும் வரவில்லை. ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். படுக்கைப்புண் மட்டும் இதுவரை வரவில்லை, நர்ஸ்கூட ஆச்சரியப்பட்டார். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம். ஒருவருக்குப் புது வீடு, ஒருவர் பையனுக்குத் துபாயில் வேலை, ஒருவருக்கு வயிற்றுக் கட்டி கரைந்தது என்று எழுந்து எழுந்து சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர், "தினமும் பத்து நன்றி எழுது, மனசு மாறும்" என்றார். காற்று, தண்ணீர், சாப்பாடு என்று எழுதினால் பொய் எழுதுவதுபோல் இருக்கிறது. உள்ளே இருப்பது கோபம்தான். நாத்தனார் ஆற்காட்டில்தான் இருக்கிறாள், எட்டிப் பார்ப்பதில்லை. அதைச் சொன்னால், "எல்லாவற்றுக்கும் தோத்திரம் சொல்லப் பழகு, உனக்கு விசுவாசம் குறைவு" என்கிறார்கள். என் விசுவாசம் செத்துவிட்டதா?
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்:

அன்புச் சகோதரி,

படுக்கைப்புண் வரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட மனம் வரவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கரிகிரி உங்களுக்குத் தூரமில்லை. அங்கே 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் உருவானதில் பெரும் பங்கு வகித்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிஷனரித் தம்பதிக்குக் கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். அவர் நோயாளிகளின் கைகளையும் கால்களையும் வருஷக்கணக்காகக் கவனித்தார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள். செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடக்கிறார்கள். நரம்பு மரத்துவிட்டதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் கையை இழுத்துக்கொள்ளவில்லை, காலை மாற்றி வைக்கவில்லை. காயத்தின் மேல் காயம் பட்டு விரல் போயிற்று. இதை அவர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் வாய்விட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன்? படுக்கைப்புண்ணும் அதே காரணத்தால் வருவதுதான். ஒரே இடத்தில் எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து சதை சாகும். நாம் தூக்கத்தில் எத்தனையோ தரம் புரண்டு படுக்கிறோம். லேசாக உறுத்தியதும் நமக்குத் தெரியாமலே உடம்பு திரும்பிவிடுகிறது. அதற்காக யாரும் சாட்சி நேரத்தில் எழுந்து தோத்திரம் சொன்னதில்லை. உங்கள் மாமியாரால் திரும்ப முடியாது, உறுத்துகிறது என்று சொல்லவும் முடியாது. அவர் உடம்பு செய்ய வேண்டிய அந்த வேலையை 14 மாதமாக நீங்கள் செய்கிறீர்கள். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் என்று தினமும் பார்த்து, எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே பாரம் படாமல் தலையணை வைக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். சொல்வது எளிது, இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். இத்தனை மாதத்தில் கர்த்தர் உங்கள் வீட்டில் என்ன செய்தார் என்று என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் உங்களை எழுப்பினார் என்பேன். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கே ஒரு புண் வந்தாலும் அது உங்கள் குற்றமில்லை, விசுவாசக் குறைவும் இல்லை. நன்றாகக் கவனித்தவர்கள் வீட்டிலும் வரும்.

சாட்சி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். வீடு கிடைத்தவர் சாட்சி சொல்வதில் தப்பில்லை, நாமும் சந்தோஷப்படலாம். ஆனால் வீடு, வேலை, விசா, கட்டி கரைந்தது என்று மாதாமாதம் அது மட்டுமே காதில் விழுந்தால், எதுவும் மாறாத வீடுகளில் கர்த்தர் இல்லை என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும். உங்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. நம் சபைகளுக்கு இது தெரியாததும் இல்லை. அறுப்பின் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். பீடத்துக்கு முன்னால் என்ன குவிகிறது? பூசணிக்காய், வாழைத்தார், நெல், முருங்கைக்காய், கூடை நிறைய முட்டை, காலைக் கட்டிய சேவல், இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காய். எல்லாம் வருஷா வருஷம் விளைவதுதான். ஆராதனை முடிந்ததும் ஒரு தேங்காயை ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் ஏலம் எடுக்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும், தினம் சமைக்கிற காய்தான் காணிக்கை என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அடுத்த முதல் ஞாயிறு நீங்கள் எழுந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மனம் வந்தால் எழுந்து, "14 மாதமாக எங்கள் அத்தைக்குப் படுக்கைப்புண் வரவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். வீட்டில் நோயாளியை வைத்திருக்கிற இன்னும் சிலர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் புரியும்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். கோபமும் நன்றியும் ஒரே மனசில் இருக்கக் கூடாது, இருந்தால் ஒன்று பொய் என்று நினைக்கிறீர்கள். திருவிருந்து ஆராதனையில் நாம் கேட்கிற வார்த்தைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியில் இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார் என்று வாசிப்பார்கள். அதே ராத்திரி, பந்தியை விட்டு எழுந்து போய் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, வரப்போகிற பாடுகளை நினைத்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சினார். ஒன்று உண்மை, இன்னொன்று நடிப்பு என்று சொல்ல முடியுமா? அப்பத்துக்காக நன்றி சொன்னார். பாத்திரம் வேண்டாம் என்று கேட்டார். நீங்களும் மாமியார் படுத்த படுக்கையானதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதை எடுத்துப்போடும் என்று தினமும் கேட்கலாம், அழலாம். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. 88-ஆம் சங்கீதத்தில் அந்த முடிவுகூட இல்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் நம் வேதப் புத்தகத்தில் ஜெபமாகத்தான் இருக்கிறது. அதை எழுதியவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

அந்த நோட்டை மூடி வைத்துவிடுங்கள். அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பத்து என்று கணக்கு வைத்தால் எண்ணிக்கையை நிரப்பத்தான் கை போகும். காற்று, தண்ணீர் என்று எழுதும்போது பொய்யாகத் தோன்றியதற்குக் காரணம், அவை யாருடைய நோட்டிலும் இருக்கக்கூடியவை. உங்கள் வீட்டில், அன்றைக்கு நடந்த ஒன்று போதும். அதையும் எழுத வேண்டாம், நடக்கிற அந்த நேரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அத்தையை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுகிறீர்கள், இன்று புரையேறாமல் உள்ளே போயிற்று. "ஆண்டவரே, நன்றி." மே மாத வெயிலில் மத்தியானம் கரண்ட் போகவில்லை, ஃபேனும் ஏர் பெட்டும் ஓடின. மகள் கேட்காமலே பாத்திரத்தைத் துலக்கி வைத்தாள். இதில் மட்டும் இரண்டு நன்றி இருக்கிறது, ஒன்றை மகளிடமே சொல்லுங்கள். மனிதரிடம் சொல்லாத நன்றியை வானத்துக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றும் தோன்றாத நாளில் சும்மா இருங்கள். சொல்லவில்லையே என்று அதற்கும் ஒரு பாரம் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நாத்தனார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தோத்திரம் சொல்லு என்று சொல்லி ஒருத்தியின் வாயை அடைப்பதும், அவளைத் தனியாகப் பாரம் சுமக்க விடுவதும் கிறிஸ்தவ நடத்தை இல்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியருக்கு எழுதியிருப்பது ஆற்காட்டுக்கும் பொருந்தும். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை என்ற மனத்தாங்கலாகச் சொன்னால் சண்டையில் முடியும். கணவரை வைத்துக்கொண்டு, தெளிவாக ஒன்றைக் கேளுங்கள்: "மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை நீ வந்து அம்மாகூட ராத்திரி தங்கணும். எப்படித் திருப்பணும்னு நான் சொல்லித் தர்றேன்." பெற்ற தாய் அவருக்கு. பலர் வராமல் இருப்பது பயத்தால், என்ன செய்வது என்று தெரியாததால். வரமாட்டேன் என்றே சொன்னால், பகலுக்கு ஓர் ஆள் வைக்கிற செலவில் பங்கு கேளுங்கள். கணவருக்கும் ஷிஃப்ட் இல்லாத இரவுகள் உண்டு. அவர் அம்மாவைத் திருப்ப அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் தருவது அதில் உண்டு. உங்களிடம் வந்த நர்ஸ் அதைச் சேர்ந்தவர் இல்லையென்றால் உடனே பதிந்துகொள்ளுங்கள்.

நாத்தனார் வருகிற அந்த முதல் ராத்திரி, ஜெபிக்க வேண்டுமே என்று எழுந்து உட்காராதீர்கள். வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது, அவரிடம் அனுப்பப்பட்ட தூதன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துத் தூங்கினார். தூதன் தூங்க விட்டான். இரண்டாம் தரம் எழுப்பியும் சாப்பிடத்தான் சொன்னான். ஆகவே சூடாகச் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். நாத்தனார் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், உங்கள் மாமியாருக்காகவும் உங்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.