மெக்பெத் படிக்காத அம்மா என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் இங்கே லண்டனில் இயர் 10 (பதினான்கு வயதில் சேரும் வகுப்பு) தொடங்கியிருக்கிறாள். ஜி.சி.எஸ்.இ. (இயர் 11 முடிவில் எழுதும் பொதுத் தேர்வு) ஆங்கில இலக்கியம் பற்றிப் பெற்றோருக்கு விளக்குவதற்குப் பள்ளியில் ஒரு மாலைக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவள், ஷேக்ஸ்பியரைத் தொட்டதே இல்லை. கணவர் "கணக்கும் சயன்ஸும் பார்த்தால் போதும், இதுக்கு ஒரு டியூஷன் போட்டுவிடு" என்கிறார். கூட்டத்தில் என்ன கேட்பது? வீட்டில் என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு தாய், ஹாரோ

பதில்: கட்டாயம் போங்கள் சகோதரி, முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கில மொழி ஒரு பாடம், ஆங்கில இலக்கியம் இன்னொரு பாடம், இரண்டுக்கும் தனித்தனியே கிரேடு வரும் என்பதே நம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. இலக்கியத்துக்கு கோர்ஸ்வொர்க், அதாவது வருடத்துக்குள் செய்து மதிப்பெண் வாங்கும் வேலை, கிடையாது. இயர் 11 முடிவில் எழுதும் இரண்டு தாள்கள்தான் எல்லாம், புத்தகத்தை உள்ளே கொண்டுபோகவும் முடியாது.

முதலில் எந்தத் தேர்வு வாரியம் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் அதிகப் பள்ளிகள் எடுப்பது ஏ.க்யூ.ஏ. அதில் முதல் தாள் ஒன்றே முக்கால் மணி நேரம், 64 மதிப்பெண்: ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு 19ஆம் நூற்றாண்டு நாவல். இரண்டாம் தாள் இரண்டே கால் மணி நேரம், 96 மதிப்பெண்: ஒரு நவீன நாடகம் அல்லது நாவல், பாடத் தொகுப்பிலுள்ள 15 கவிதைகள், அப்புறம் முன்பின் பார்த்திராத இரண்டு கவிதைகள். உங்கள் பள்ளி எந்த நூல்களை எடுத்திருக்கிறது, எந்தக் கவிதைத் தொகுப்பு, பிள்ளை பென்சிலால் குறிப்பெழுத சொந்தப் பிரதி வாங்க வேண்டுமா, மாதிரித் தேர்வு எப்போது, இவ்வளவும் கேட்டாலே போதும்.

பரீட்சையில் கதையைக் கேட்பதில்லை. நாடகத்திலிருந்து இருபது முப்பது வரிகளை அச்சிட்டுத் தந்து, இந்த இடத்தில் தொடங்கி, இந்தப் பாத்திரத்தை ஆசிரியர் எப்படிக் காட்டுகிறார் என்று எழுதச் சொல்வார்கள். பல பள்ளிகளில் படிக்கும் ஷேக்ஸ்பியர் நாடகமான மெக்பெத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசனைக் கொல்லப்போகும் கணவனிடம் மனைவி, அப்பாவிப் பூவைப் போலத் தோன்று, ஆனால் அதன் அடியில் கிடக்கும் பாம்பாக இரு என்கிறாள். "இதில் உவமை வருகிறது, அவள் கெட்டவள்" என்று எழுதும் பிள்ளைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பூவைச் சொல்லும்போது 'போலத் தோன்று' என்றவள் பாம்பைச் சொல்லும்போது 'போல' என்பதை விட்டுவிட்டு 'இரு' என்கிறாள், ஆகவே பூ வெறும் வேஷம், பாம்புதான் அவள் அவனிடம் கேட்கும் அசல் என்று கவனிக்கிற பிள்ளை மேலே போகும். 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கச் சதி நடந்தது. அது முறியடிக்கப்பட்டதன் நினைவாக வெளியிட்ட பதக்கத்தில் பூக்களுக்கு நடுவே ஒரு பாம்பு இருக்கிறது. அடுத்த ஓரிரு வருடத்தில் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று இரண்டு வாக்கியம் சேர்த்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? பேச்சில். மெக்பெத் கெட்டது, நீ அரசனாவாய் என்று சொன்ன சூனியக்காரிகளாலா, மனைவியாலா, தன் பேராசையாலா என்பது ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. கூனி சொல்லித்தான் கைகேயி கெட்டாளா, சொல்லுக்கு முன்பே மனதில் ஏதாவது இருந்ததா என்று நம் ஊர் பட்டிமன்றங்களில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! அந்தக் கதையை மகளிடம் சொல்லி, "உன் ஆள் எப்படி?" என்று கேளுங்கள். அவள் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ பதில் சொல்லட்டும், நீங்கள் விடாமல் "அது எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். புத்தகத்தைப் புரட்டித் தேடி எடுக்கும் அந்த வரி மனதிலும் தங்கிவிடும். ஷேக்ஸ்பியர் தெரியாத அம்மாவாக இருப்பது இதற்கு நல்லதுதான், தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்கே தெளிகிறது.

கேள்வி: டியூஷனில் 'கிரேடு 9 கட்டுரைகள்' (9தான் உச்ச கிரேடு) என்று அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யட்டுமா?
– ஒரு தந்தை, ஈஸ்ட் ஹாம்

பதில்: வேண்டாம் ஐயா. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நான் மேலே சொன்ன அந்தப் பார்த்திராத கவிதைகளுக்கு மட்டும் 32 மதிப்பெண், இரண்டாம் தாளில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு எந்தக் கட்டுரையை மனப்பாடம் செய்வீர்கள்? சிறு சிறு மேற்கோள்கள், நாலைந்து சொல் நீளத்தில், மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், தொகுப்புக் கவிதைகளில் ஒன்றை அச்சிட்டுத் தந்து மற்றதை நினைவிலிருந்து ஒப்பிடச் சொல்வதால் அது இல்லாமல் முடியாது. முழுக் கட்டுரை வேறு. கேட்ட கேள்வி ஒன்று, பிள்ளை கொட்டுவது ஒன்று என்று போய்விடும். அந்த நேரத்தில் வாரம் ஒரு புதுக் கவிதையைப் படித்துப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு வந்திருக்கும் நாடகத்தில் ஒரு பெண் கிருமிநாசினி குடித்துத் தற்கொலை செய்கிறாளாம். பதினான்கு வயதில் இது தேவையா?
– பெயர் வேண்டாம்

பதில்: அது 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' ஆகத்தான் இருக்கும். 1945இல் முதலில் மேடையேறியது, கதை நடப்பது 1912இல். அந்தச் சாவு மேடையில் காட்டப்படுவதில்லை. ஒரு வசதியான குடும்பத்தில் ஒவ்வொருவரும் அந்த ஏழைப் பெண்ணுக்குச் செய்தது என்ன என்பதுதான் நாடகம். கூலி கூட்டிக் கேட்டதற்காகத் தொழிற்சாலையிலிருந்து அவளைத் துரத்திய முதலாளியில் தொடங்குகிறது. இதைப் படிக்கச் சரியான வயது பதினான்கு என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தால், பாடம் தொடங்கும் முன் ஆங்கில ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், காரணத்தை விரிவாக எழுத வேண்டாம், சொன்னால் வகுப்பில் மகனைப் பார்த்துக் கவனமாக நடந்துகொள்வார்கள்.