சிவப்பாகத் தெரிந்தால் வயதான விண்மீனா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 8 அங்குலத் தொலைநோக்கியில் கேமரா பொருத்தி, தனுசு ராசிப் பக்கம் பால்வீதியின் மையப் புடைப்பை மாணவர்களுடன் படமெடுத்தேன். நீல, பச்சை வடிகட்டிகளில் அளந்தால் பெரும்பாலான விண்மீன்கள் சிவப்பாகவே வருகின்றன. அவை வயதானவை என்று சொல்லலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். புகைமூட்டம் வரும் நாட்களில் பினாங்குத் தீவின் மேல் சூரியன் செம்பழம்போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அன்று மட்டும் சூரியனுக்கு வயது கூடிவிடவில்லை. நமக்கும் மையத்துக்கும் இடையிலுள்ள சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் கிடக்கும் தூசும் இதையே செய்கிறது: நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. நேர் மையத்திலிருந்து வரும் கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை எட்டுகிறது. போதாததற்கு, உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமங்களும்) மிகுந்த விண்மீனும் சிவந்தே தெரியும். புடைப்பில் அப்படிப்பட்டவை ஏராளம்.

எனவே முதலில் இடத்தை மாற்றுங்கள். தனுசின் டீப்பாட் வடிவத்தில் மூக்கு நுனிக்கு அருகே என்ஜிசி 6522 என்ற கோள விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதைச் சுற்றித் தூசு மெலிந்த ஒரு சாளரம் உண்டு. 1940களில் வானியலாளர் வால்டர் பாடே இதன் வழியாகத்தான் புடைப்பை ஆராய்ந்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

அடுத்து, நீல வடிகட்டியைக் கழற்றிவிட்டு அண்மை அகச்சிவப்பு வடிகட்டியை மாட்டுங்கள். ஒரு விண்மீனை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஆயிரக்கணக்கானவற்றை ஒரே வரைபடத்தில் இடுங்கள்: கிடையாக நிறம் (பச்சைக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள பிரகாச வித்தியாசம்), செங்குத்தாகப் பிரகாசம். நீலப் பக்கம் சரிந்து இறங்கும் பட்டை, முன்னால் நிற்கும், பால்வீதியின் தட்டையான வட்டில் உள்ள தட்டு விண்மீன்கள். அவற்றுக்கும் புடைப்புக்கும் சம்பந்தமில்லை. வலப்பக்கம் சிவப்பு அரக்கர்கள் (முதிர்ந்து ஊதிப்போன விண்மீன்கள்) வரிசையில் ஓரிடத்தில் புள்ளிகள் திட்டாகக் கூடும். அதுதான் சிவப்புக் கொத்து. தங்கள் உட்கருவில் ஹீலியம் எரிக்கும் இந்த விண்மீன்கள் ஒரே வாட் பல்புகள்போல ஏறக்குறைய ஒரே ஒளி தருபவை. இந்தச் சாளரத்தில் அண்மை அகச்சிவப்பில் அவற்றின் பிரகாச எண் (எண் கூடக்கூட ஒளி மங்கல்) சுமார் 15. பச்சையில் 17ஐ நெருங்கும். உங்கள் கருவியால் அகச்சிவப்பில் எட்டிப்பிடிக்கலாம். பச்சையில் பல படங்களை அடுக்க வேண்டும். கொத்தின் இயல்பான நிறம் தெரிந்ததே என்பதால், அதைவிட எவ்வளவு சிவந்திருக்கிறதோ அதுவே தூசின் கணக்கு. 1994இல் ஓக்ல் (OGLE) என்ற விண்மீன் அளவாய்வுக் குழு மையத்தின் இருபுறமும் இதே கொத்தை ஒப்பிட்டது. ஒரு பக்கம் சற்றுப் பிரகாசமாக இருந்தது; ஒரே ஒளி தருபவை என்பதால், அந்தப் பக்கம் நமக்கு நெருக்கம் என்று பொருள். புடைப்பு உருண்டையாக இல்லாமல், ஒரு முனை நம் பக்கம் நீட்டிய கோல்போல இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று.

வயது வேறு சங்கதி. சூரியனைப் போன்றவை முதன்மை வரிசையை (உட்கருவில் ஹைட்ரஜன் எரிக்கும் கட்டத்தை) விட்டு விலகும் திருப்பம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அது எண் 20 அளவில் மங்கிக் கிடக்கிறது. ஹபிள் தொலைநோக்கி படமெடுத்து, நகர்வை வைத்துத் தட்டு விண்மீன்களைக் களைந்த பிறகே பெரும்பாலானவை சுமார் 1,000 கோடி ஆண்டு பழையவை என்பது தெளிந்தது. இளையவை எத்தனை என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

ஆகஸ்ட் நடுவில் இரவு சுமார் 9.30க்குத் தனுசு நம் தெற்கு வானில் 55 பாகை உயரத்தில் நிற்கும். பட்டர்வொர்த்தின் விளக்குகளுக்கு நடுவே அல்லாமல், தெற்கே கடல் பார்க்கும் தீவின் கரைக்குப் போங்கள். ஒப்பீட்டு விண்மீன்களை அதே படத்திலிருந்தே எடுங்கள். புகைமூட்டத்தின் சிவப்பு கழிந்துவிடும். ஓக்லின் பொது அளவீடுகளோடு ஒப்பிடும்போது உங்கள் விண்மீன்கள் கூடுதல் பிரகாசமாக வந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று ஒன்றாகக் கலந்திருக்கும். அந்த இடத்தில் நெரிசல் அப்படி.