லிட்டர் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: டாஷ்போர்டு 18 கி.மீ. மைலேஜ் காட்டுகிறது. பெட்ரோல் போடும் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு வரவில்லை. எதை நம்புவது?

ப: பங்க் பில்லை நம்புங்கள். டாஷ்போர்டில் தெரிவது, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. பல கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

நாஸில் முதல் தடவை 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும் அதே பங்க், அதே பம்ப்பில், அதே மாதிரி நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரில் 412 கி.மீ., இப்போது பிடித்தது 26.4 லிட்டர் என்றால் மைலேஜ் 15.6. நாஸில் ஒரு லிட்டர் முந்தி நின்றிருந்தாலே இது 16.2 ஆகியிருக்கும். அதனால் மூன்று தடவை நிரப்பி, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

'டக்' என்று நின்ற பிறகும் கழுத்துவரை ஊற்றச் சொல்லாதீர்கள். ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டருக்குள் பெட்ரோல் புகுந்தால் அதை மாற்ற வேண்டிவரும்.

கே: 16 கொடுத்த பெட்ரோல் கார் இப்போது 13தான் கொடுக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை.

ப: பலன் இருக்காது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறைகிறது என்பதை சென்சார் சொல்லிவிடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துவிடும். பிக்கப் போகும், மைலேஜ் பெரிதாகப் போகாது. இன்ஜெக்டருக்கு முன்பிருந்த கார்புரேட்டர் காலத்து அறிவுரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் டயர். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

அடுத்தது பிரேக். அதிகம் பிரேக் போடாமல் 10 கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள், சுடும். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. முன்சக்கரம் என்றால் பெரும்பாலும் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசி ('பின்') துருவேறி இறுகியிருக்கும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் டெம்பரேச்சர் முள். கால் மணி நேரம் ஓட்டியும் அது வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால் ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். இன்ஜின் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்மேல் சந்தேகம் வரவேண்டும். எந்த பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் ஸ்கேனரில் 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' (கம்ப்யூட்டர் பெட்ரோலை வழக்கத்தைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுத்துவருகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிளஸ்ஸோ மைனஸோ, 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காற்று–பெட்ரோல் கலவையில் எங்கோ கோளாறு. ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கே: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

ப: இன்ஜெக்டர் இன்ஜினில் நேர்மாறு. கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நிற்கும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காமல் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாவது தனி ஆபத்து.

கே: ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கினால்?

ப: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சரி. நெடுஞ்சாலையில் திறந்த கண்ணாடியே காற்றைப் பிடித்து இழுக்கும், ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள். ஆனால் உங்கள் வேகம்தான் இரண்டையும்விடப் பெரிய செலவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80இலிருந்து 100க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். கூரையில் காலி கேரியர் இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

கே: அதிக ஆக்டேன் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும்) பெட்ரோல் போடலாமா?

ப: கார் மேனுவல் கேட்டால் மட்டும் போடுங்கள்.

கே: விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

ப: குளிரில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஆனால் பங்க் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான்.